ஷஜாஅத் எனும் வீரம்



வீரம் என்றதும் வாளும் போர்க்களமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ (ஹிஜ்ரி 450-505) தமது இஹ்யாவில் அதனை உள்ளத்தின் குணமாகவே விளக்குகிறார்கள். மனிதனுக்குள் இருக்கும் கோபம் என்னும் சக்தி, அறிவுக்கும் ஷரீஅத்துக்கும் கட்டுப்பட்டு நிற்பதே ஷஜாஅத். அது எல்லை மீறினால் முரட்டுத் துணிச்சல், குன்றினால் கோழைத்தனம்.

நம் காவிரிப் பாசனத்தைப் பாருங்கள். கரையை உடைத்த வெள்ளம் பயிரை அழுகச் செய்கிறது. கடைமடைக்கு எட்டாத தண்ணீரோ பயிரைக் கருக விடுகிறது. கரைக்குள் அடங்கிப் பாயும் நீரே நெல்லாகிறது. கோபத்தில் தம்மை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்று கற்பித்த நாயகம் (ஸல்) அவர்கள், கோழைத்தனத்தை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள்.

இதற்கு நம் தஞ்சைச் சீமையிலேயே ஒரு சான்று உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்போருக்குச் சிறை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊரார் சண்டைக்கும் போகவில்லை, அஞ்சி ஒடுங்கவுமில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். பசித்தவருக்குச் சோறிடும் கடமை, அச்சத்தை வென்றது.

இன்று நமக்கு அத்தகைய தடை ஏதுமில்லை. ஆயினும் கைக்கூலி வாங்கும் இடத்தில் 'இது கூடாது' என்று சொல்ல நா எழுவதில்லை. மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்கும்படி அல்லாஹ் கட்டளையிட்டிருக்க (4:4), நாமோ பெண் வீட்டில் கை நீட்டுகிறோம்.

பிறரை மட்டும் சொல்வானேன்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில், பெண்ணின் தகப்பனார் வயலை விற்ற பணம் கைமாறியதை அறிந்திருந்தும், நாம் குத்பா ஓதிவிட்டு எழுந்து வந்தோம். சபையோர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம்! அதற்கு நாம் 'பொறுமை' என்று பெயரிட்டுக்கொண்டோம். அது கோழைத்தனமே.

அதற்காக, சபை நடுவே கூச்சலிடுவதும் வீரமன்று. அதனால் தலைகுனிபவர் பெண்ணைப் பெற்றவரே. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரைத் தனியே கண்டு, பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்வதே வீரம். 'எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்' என்று மாப்பிள்ளையின் தாயார் தாமே முந்திச் சொல்வது அதனினும் பெரிய வீரம்.

வல்ல நாயன் நம் உள்ளங்களிலிருந்து கோழைத்தனத்தையும் முரட்டுத்தனத்தையும் அகற்றி, நடுநிலையான வீரத்தை அருள்வானாக! ஆமீன்.