கொள்ளைநோயும் ஐயமும் திரிபும்

ஒரு பொருளை உள்ளவாறு அறியாதவிடத்து மனத்தின்கண் நிகழ்வன இரண்டு. ஒன்று ஐயம்; மற்றொன்று திரிபு. அந்திப்பொழுதிலே தூரத்தே நிற்பதொன்றைக் கண்டு, அது மரக்குற்றியோ மனிதனோ என்று துணியமாட்டாது நிற்றல் ஐயமாம். வழியிலே கிடந்த கயிற்றைப் பாம்பென்றே துணிந்து அலறுதல் திரிபாம். இவை தருக்கநூல் கற்பார்க்கு முதற்கண் கூறப்படுவன; ஆசிரியர்கள் இவற்றை அறியாதவரல்லர். ஆயினும் இவ்விரண்டனுள் எது பெருங்கேடு விளைப்பது என்பதை யாம் ஏட்டிலன்றி உலகிலே கண்டறிந்தது, கொவிட் என்னும் கொள்ளைநோய் வந்த 2020ஆம் ஆண்டின் முதனாட்களிலேயாம்.

முதனாட்கள் என்றது, நோய் வந்துவிட்டதென்பது தெரிந்தும், அஃது எவ்வழிப் பரவுவது, எத்துணைப் பேரைக் கொல்வது என்பன தெரியாதிருந்த நாட்களை. அந்நாட்களில் ஐயமே யாவர்க்கும் உரிய நிலை. பேரறிஞரும் பாமரரும் அதன்கண் ஏறக்குறைய ஒரு நிகரானவரே. ஆயின் ஐயம் வருத்துவது. கால் ஊன்ற இடங்காணாத நீரிலே நிற்றல் போல்வது. அவ்வருத்தம் பொறாத மனம் யாதாயினும் ஒரு துணிபைப் பற்றிக்கொள்ள விரையும். அது பொய்த்துணிபாயினும் ஆறுதல் தரும். ஐயத்திலே நின்றமை பற்றி ஒருவரையும் குறைகூறல் நியாயமன்று. அதனைப் பொறாது திரிபிலே இளைப்பாறி, அவ்விளைப்பாறுதலின் விலையைப் பிறர் தலையில் ஏற்றியமையே குற்றம் என்பது எமது கருத்து. அதனை ஆராய்வாம்.

முதலிலே எமது குற்றத்தைக் கூறுதல் முறை. 2020 மார்ச்சு மாதம் 11ந் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இந்நோயை உலகப் பெருந்தொற்று என்று கூறிற்று. மறுநாள், இலங்கையிலுள்ள பாடசாலைகள் 13ந் திகதி தொடங்கி மூடப்படுமென அரசாங்கம் அறிவித்தது. அவ்வறிவித்தல் வருமுன், அன்று காலை வகுப்பிலே சிறுவனொருவன் எழுந்து, “ஐயா, இந்த வருத்தம் எங்கள் ஊருக்கும் வருமா?” என்று கேட்டான். யாம், “வராது, இங்கே வெயில் கடுமை, வெயிலிலே அந்தக் கிருமி நில்லாது” என்றேம். வகுப்பு அமைதியடைந்தது. எமக்கும் ஓர் அமைதி உண்டாயிற்று. உண்மையிலே எமக்கு அது பற்றி யாதுந் தெரியாது. யாரோ சொல்லக் கேட்டதனை, ஆசிரியர் நாற்காலியிலிருந்து சொன்னமையால் உண்மையாக்கிவிட்டேம். அம்மாதம் முடியுமுன்னரே யாழ்ப்பாணத்திலும் நோயாளர் காணப்பட்டனர். பங்குனி வெயில் அதனைத் தடுத்திலது.

சிறுவனுக்கு ஆறுதல் கூறப்புகுந்த உபாத்தியாயர் ஒருவரது பிழை ஒரு வகுப்பறையோடு ஒழியும். அதிகாரமுடையார் அதனையே செய்யின் ஒரு நகரமே வருந்தும். சீனதேசத்து வூகான் நகரிலே கண்வைத்தியராயிருந்த லீ வென்லியாங் என்பவர் 2019 டிசம்பர் 30ந் திகதி, சார்சு நோய் எழுவருக்குக் கண்டுள்ளது, எச்சரிக்கையாயிருங்கள் என்று, உடன்கற்ற வைத்தியர்களுக்குச் செய்தி அனுப்பினார். சிறிது பொழுதிலே, கிருமி எவ்வகையதென்பது இன்னும் ஆராயப்படுகின்றது என்று தாமே திருத்தியும் எழுதினார். நான்கு நாள் கழித்துப் பொலிசார் அவரை அழைத்து, பொய் பரப்பினீர் என்று கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். கூறியதைத் தாமே திருத்திக்கொண்ட வைத்தியர் ஐயத்திலே நின்றவர். பொலிசார் திரிபிலே நின்றவர். அவ்வைத்தியர் அந்நோயாலேயே 2020 பெப்ரவரி 7ந் திகதி இறந்தார். அக்கண்டனம் மார்ச்சு மாதத்திலே மீட்டுக்கொள்ளப்பட்டது.

இது புதிதன்று. 1918ஆம் ஆண்டிலே இன்புளுவென்சா என்னும் விஷசுரம் அமெரிக்கதேசத்துப் பிலதெல்பியா நகரிலே தோன்றியிருந்தது. யுத்தக்கடன் சேர்க்கும் பொருட்டுச் செப்டெம்பர் 28ந் திகதி அங்கே பெரியதோர் ஊர்வலம் நடப்பதாயிருந்தது. அதனை நிறுத்துக என வைத்தியர் சிலர் வேண்டினர். நகராதிகாரிகள் அச்சத்துக்கு இடமில்லை என்றனர். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் தெருக்களிலே திரண்டனர். சில வாரங்களுள் அந்நகரிலே 12,000க்கு மேற்பட்டோர் இறந்தொழிந்தனர்.

கற்றோரும் இதற்கு விலக்கல்லர். 2020 மார்ச்சு 28ந் திகதி, கொவிட் காற்றுவழிப் பரவுவதன்று என உலக சுகாதார ஸ்தாபனமே ஐயத்துக்கு இடமின்றிப் பிரசித்தஞ் செய்தது. காற்றோட்டமில்லாத இடங்களிலே அது காற்றுவழியும் பரவுமென்று 2021ஆம் ஆண்டிலே அதுவே கூறலாயிற்று. பொதுசனங்களுக்கு முகக்கவசம் வேண்டுவதில்லை என்றிருந்த அறிவுரையும் 2020 யூன் மாதத்திலே மாற்றப்பட்டது. அறிவு வளர வளர உரை மாறுதல் குற்றமன்று. முன்னே ‘இன்னும் தெரியாது’ என்றிருப்பின், பின்னே மாறியதனைச் சனங்கள் அறிவின் வளர்ச்சியென்றே கொண்டிருப்பர். ‘தெரியும்’ என்றமையாலன்றோ அம்மாற்றம் பலருக்குப் புரட்டாகத் தோன்றிற்று!

இனி, பொதுசனங்களிடத்தே எங்குங் காணப்பட்டது பொருள் பதுக்கல். அவுஸ்திரேலியாவிலே அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மலசலகூடக் கடதாசிக்காகக் கடைகளிலே சனங்கள் அடிபட்டனர். அக்கடதாசி பெரும்பாலும் அத்தேசத்திலேயே செய்யப்படுவது. அதற்கு அன்று பஞ்சமில்லை. முடிந்துபோமென்று ஒவ்வொருவருந் துணிந்தமையாலேயே அது முடிந்தது. திரிபினுள்ளே இஃதொரு விநோதம். கயிற்றைப் பாம்பென்று கண்டவனது காட்சியாற் கயிறு பாம்பாவதில்லை. குறையுமென்று கண்டவர்களது காட்சியாலோ கடை வெறிதாயிற்று.

அதனைக் கேட்டு நகைத்தவருள் யாமும் ஒருவர். அம்மாதம் 20ந் திகதி மாலை தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பின்னர் அது சில மணிநேரந் தளர்த்தப்பட்ட ஒரு காலையிலே, யாம் சங்கக் கடையிலே அரிசியும் மாவும் துவிச்சக்கரவண்டி தாங்குமளவு வாங்கினேம். மாதச் சம்பளம் எமது கையிலிருந்தது. எமக்குப் பின்னே நின்றவர் நாட்கூலி இழந்து இரண்டு கிலோ அரிசிக்கு வந்த தொழிலாளி. அவர் முறை வருமுன் அரிசி முடிந்தது. அவர் எம்மை நோவ ஒன்றுங் கூறிலர். “மாஸ்டர், மூட்டை சரியுது, பிடிச்சுக்கொண்டு போங்கோ” என்று மாத்திரம் சொன்னார். அந்த மாவிற் பாதி ஆவணி மாதத்திலே வண்டு பிடித்து எறியப்பட்டது.

இவையெல்லாவற்றினுங் கொடியது, நோயை ஒரு கூட்டத்தார்மேல் ஏற்றுதல். கண்ணுக்குப் புலனாகாத கிருமியை வெறுத்தல் அரிது. கண்முன் நிற்கும் அயலானை வெறுத்தல் எளிது. யாம் இளமையிலே பாதிரிமார் வித்தியாசாலையில் ஐரோப்பிய சரித்திரம் படித்த காலத்து அறிந்த செய்தி ஒன்றுண்டு. 1348ஆம் ஆண்டிலே அக்கண்டத்திற் பரவிய கொள்ளைநோய்க்குக் காரணம் யூதர்கள் கிணறுகளில் நஞ்சிட்டமையே என்னும் பேச்சு எழுந்தது. யூதரும் இந்நோயால் இறக்கின்றனர், யூதரில்லாத இடத்தும் இந்நோய் உண்டு, ஆதலால் இக்குற்றச்சாட்டுப் பொருந்தாது என்று ஆறாங் கிளெமெந்து என்னும் பாப்பரசர் அவ்வாண்டே எழுதினார். சிறுவரும் அறியத்தக்க நியாயம் இது. ஆயினும் ஸ்திராஸ்பூர்க் நகரத்தார் 1349 பெப்ரவரி 14ந் திகதி தம்மூர் யூதர் பலநூற்றுவரை எரித்தனர். அன்று அந்நகருக்கு நோய் வந்திலது, பின்னரே வந்தது. இதனைப் படித்தபொழுது, அறிவில்லாத காலத்து நிகழ்ச்சி என்று எண்ணி ஏட்டை மூடினேம்.

நம் தேசத்திலே 2020 ஏப்ரல் 11ந் திகதி, கொவிட் நோயால் இறந்தார் உடல்களைத் தகனஞ் செய்தல் கட்டாயமென வர்த்தமானியிலே பிரசுரமாயிற்று. புதைத்தலுந் தகும், தகனமுந் தகும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்கு முந்திய மாதமே எழுதியிருந்தது. புதைப்பின் கிருமி நிலத்தடி நீரிலே கலக்கும் என்று இங்கே காரணங் கூறப்பட்டது. ஸ்திராஸ்பூர்க்கிலே நிகழ்ந்ததும் இதுவும் ஒரு தன்மையவல்ல. அங்கே எரிந்தது உயிர்களை. ஆயினும் அறுநூற்றெழுபது ஆண்டு கழிந்தும், அஞ்சிய மனத்துக்கு முதலில் அகப்பட்ட சொல் கிணற்று நீரேயாதல் காண்க. உடலை எரித்தல் இஸ்லாமியர்க்கு மார்க்கத்தால் விலக்கப்பட்டது. கிறிஸ்தவருள்ளும் பலர் புதைத்தலையே வேண்டுவர். பிறந்து இருபது நாளாகிய குழந்தையொன்றின் உடலும் அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே பெற்றோர் இசைவின்றி எரிக்கப்பட்டது. அக்கட்டாயம் நீங்கியது 2021 பெப்ரவரி மாத இறுதியிலே. அதன்பொருட்டு மன்னிப்புக் கேட்டற்கு அமைச்சரவை இசைந்தது 2024 யூலை மாதத்திலே.

அக்காலத்து நாம் என் செய்தோம்? தகனம் நமக்கு முறை. அக்கட்டளையால் நமக்கு ஒரு சிறிதும் நட்டமில்லை. ஆதலால் அது நமக்கு நியாயமாகவே தோன்றிற்று. எம்மொடு வித்தியாசாலையில் உடன்பயின்ற கிறிஸ்தவ நண்பரொருவர் ஒருநாள் தொலைபேசியிலே இது பற்றிப் பேசினார். “தண்ணீரைக் காக்கத்தானே” என்றேம். அவர், “நாளைக்கு, எரித்தாற் புகையாலே பரவும், ஆகையால் எல்லாரையும் புதைக்கவேண்டுமென்று சட்டம் வந்தால், உம்முடைய தகப்பனாரை நீர் புதைப்பீரோ? புகையாலே பரவுமென்று ஆர் கண்டது என்று கேட்பீரோ?” என்றார். கேட்டிருப்பேம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆதாரங் கேட்கும் அறிவு எம்மிடத்தே இருந்தது. எமக்கு நோவாதவிடத்து அஃது உறங்கிற்று.

அறியாத அபாயத்திலே மிகையாகக் காத்தல் நன்றன்றோ, அதனைத் திரிபென்று இகழ்தல் தகுமோ எனின், காத்தல் வேறு, துணிதல் வேறு என்க. 1918 அக்டோபர் மாதத்திலே, அமெரிக்கதேசத்துச் செயின்ட் லூயிஸ் நகர சுகாதார அதிகாரியாகிய மக்ஸ் ஸ்டார்க்லொவ் என்பவர், நோய் மிகுமுன்னரே பாடசாலைகளையும் நாடகசாலைகளையும் தேவாலயங்களையும் மூடுவித்தார். அக்கிருமி இன்னதென்று அவரும் அறியார். உலகில் எவரும் அறியார். மனிதரிடத்தினின்று அது பிரித்தறியப்பட்டது 1933ஆம் ஆண்டிலேயே. அறியாதிருந்தும், கூடாதிருப்பின் பரவல் குறையுமென்னும் அளவினை நம்பி அவர் செய்தார். வியாபாரிகள் முறையிட்டனர். அந்நகரத்து மரணவீதம் பிலதெல்பியாவின் வீதத்திலே ஏறக்குறைய பாதியாக நின்றது. அவர் கட்டளையின் வருத்தம் ஒரு கூட்டத்தார்மேலன்றி நகரத்தார் யாவர்மேலும் விழுந்தது என்பதும் கருதத்தக்கது.

அச்சத்தால் மதிமயங்கினார் செய்தது குற்றமாகாது எனின், முதற்கணத்து நடுக்கம் குற்றமாகாது என்பதை யாமும் உடன்படுவேம். பத்து மாதத்துக்கு மேல் நின்ற கட்டளை நடுக்கமன்று. அதனைப் பார்த்திருந்த நமது மௌனமும் நடுக்கமன்று. அதிகாரிகள் கூறினர், யாம் கீழ்ப்படிந்தேம், எம்மேற் குற்றமென்னை எனின், கீழ்ப்படிதல் ஒன்று. அயலார் அழுதபொழுது, இவர் பிடிவாதக்காரர் என்று திண்ணையிலிருந்து பேசியது மற்றொன்று. பின்னையதை எந்த வர்த்தமானியும் நமக்கு விதித்திலது.

ஆதலால், அறியாத காலத்திலே செய்வது யாது என்பதற்கு எமக்குத் தோன்றுவன மூன்று. தெரியாததைத் தெரியாதென்று சொல்லிவிட்டுச் செய்தல் ஒன்று. இப்படிச் செய்யினும் பிழை நேரலாம், அப்படிச் செய்யினும் பிழை நேரலாம் என்னுமிடத்து, நட்டம் முன்னே தன்மேல் விழும் வழியைத் தெரிந்துகொள்ளுதல் இரண்டாவது. அவ்வழி எமக்கு எளிதாயிருப்பின், அதனால் நோவார் யார் என்று ஒருமுறை நின்று பார்த்தல் மூன்றாவது. இம்மூன்றனுள் முதலாவதே மற்றிரண்டற்கும் வாயில். தெரியுமென்று துணிந்தவன் பின்னிரண்டையும் நினைக்கவேமாட்டான்.

ஆசிரியர்காள்! அம்முதலாவது நமக்கு மிகவும் அரிது. நமது தொழில் தெரியுமென்று கூறுந் தொழில். தெரியாதென்றால் மதிப்புக் குறையுமென்று நாம் அஞ்சுகின்றோம். எந்த வினாவுக்கும் உடனே விடை தருபவரே அறிஞரென்று மாணாக்கரும் நம்மிடத்தே கற்றுக்கொள்கின்றனர். வளர்ந்தபின், முதலில் விடைதருவார் எவரோ அவர் பின்னே போகின்றனர். 2020ஆம் ஆண்டிலே கோபுரங்களை எரித்தவரும், வதந்தியை நம்பியவரும், அயலாரை வைதவரும் ஒருகாலத்து ஏதோ ஒரு வகுப்பிலே இருந்தவரே.

பாடசாலை மீண்டுங் கூடியபொழுது அச்சிறுவன் எமது சொல்லை மறந்திலன். “ஐயா, வராது என்று சொன்னீர்களே?” என்றான். “அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொல்லியிருக்கவேண்டும்” என்றேம். வகுப்பு முழுதும் சிறிதுபொழுது எம்மைப் பார்த்தபடி இருந்தது. பின்னர் அவன், “அப்போது ஐயாவுக்குப் பயமாக இருந்ததா?” என்று கேட்டான். ஆம் என்றேம். அவன் தனக்கும் பயமாக இருந்ததென்று சொல்லி அமர்ந்தான். மார்ச்சு மாதத்திலே எமது பொய்யாறுதலால் மூடப்பட்டிருந்த பேச்சு, அன்று அவ்வகுப்பிலே முதன்முறை நிகழ்ந்தது.