கடைசியாகத் தொட்டவர் மட்டுமா?

ரயில் கவிழ்ந்தால் டிரைவர். பஸ் மோதினால் டிரைவர். கப்பல் இடித்தால் கேப்டன். நம் ஊரில் விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க டீக்கடையில் அரை மணி நேரம் போதும். கடைசியாக யார் கை பட்டதோ, அவர் தலையில் போட்டால் கேஸ் முடிந்தது!

அவர் தப்பு செய்தே இருக்கலாம். ஆனால், தப்பு அவரோடு முடிந்துவிடுகிறதா?

2017 ஜனவரி 28, விடிவதற்கு முன். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போன ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ ஒன்று. எண்ணெய் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ இன்னொன்று. மோதலுக்கு யார் பொறுப்பு என்பதை மாலுமிகளும் வக்கீல்களும் பேசட்டும். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது.

எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்பதுதான் துறைமுகத் தரப்பின் முதல் தகவல். அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் பாறைகளில் கறுப்புக் களி மாதிரி எண்ணெய் ஒதுங்கியது. மெரினாவையும் தாண்டித் தெற்கே போனது. உறிஞ்சுவதற்கு லாரிகள் வந்தன, திணறின. கடைசியில் இறங்கியவர்கள் மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும்தான். கையில் பிளாஸ்டிக் வாளி! இத்தனைக்கும், எண்ணெய்க் கசிவைச் சமாளிக்க தேசிய அளவில் ஒரு திட்டம் 1996-லிருந்தே இருக்கிறது. காகிதத்தால் எண்ணெயை அள்ள முடியாதே!

சரி, தண்டம் கட்டியது யார்? ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு. ஜனங்கள் மீன் வாங்கவே பயந்தார்கள். கப்பல் ஓட்டாத, அறிக்கை எழுதாத மீன்கார அம்மா, விற்காத கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

கை தவறிக் கண்ணாடி டம்ளரை உடைப்பது யாருக்கும் நடக்கும். குனிந்து பார்க்காமலே ‘ஒண்ணும் உடையல, வாங்க’ என்று விருந்தாளியை வெறுங்காலோடு கூப்பிடுவது வேறு. வீட்டில் விளக்குமாறே வாங்கி வைக்காதது இன்னும் வேறு. முதலாவது கைப்பிழை. மற்ற இரண்டும் யாரோ எடுத்த முடிவு. மோதல் ஒரு நொடியில் நடந்தது. வாளியோ பல வருஷ அலட்சியம்.

ஏன் இப்படி? காமர்ஸ் படித்த எனக்குத் தெரிந்த பதில் இது. பாதுகாப்புக் கருவி வாங்கினால், ஒத்திகை நடத்தினால் கணக்கில் அது செலவு. அதனால் நடக்காமல் போன விபத்து எந்த வரவிலும் ஏறாது. சிக்கனம் பிடிக்க இதைவிட வசதியான இடம் ஏது? மிச்சம் ஒருத்தர் கணக்கில். நஷ்டம் மட்டும் மீன்கார அம்மா கணக்கில்.

அப்படியானால் பொறுப்பு யாருடையது? தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய பதில் உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அவரா எஞ்சினை ஓட்டினார்? இல்லை. தடுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறதோ, பொறுப்பும் அங்கேதான் என்று நினைத்தார். ராஜினாமா பாலம் கட்டாதுதான். ஆனால், பழி கடைநிலை ஊழியர் வரை உருண்டு போகாமல் மேலேயே நின்றது.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். இந்த முறை கப்பலிலிருந்து அல்ல, கரையிலிருந்து. அள்ள இறங்கியவர்கள் மறுபடி மீனவர்கள். கையில் அதே வாளி!

இனிமேல் விபத்து என்று கேள்விப்பட்டால், கடைசியாகத் தொட்டவர் யார் என்று விசாரியுங்கள், தப்பில்லை. கூடவே, முதலில் தட்டிக்கழித்தவர் யார் என்றும் கேளுங்கள்.