மறுநாள் வந்த அழுகை

தியானம் பழகுகிறவர்களிடம் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறேன்: "இப்போதெல்லாம் எனக்கு எதுவும் ஒட்டுவதில்லை." கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் எங்கள் பிளாக் பூங்காவுக்கு நடக்க வரும் பெரியவர்களும் சொல்கிறார்கள், சென்னையிலிருந்து போனில் என் தம்பியும் சொல்கிறான். கணவர் போனதிலிருந்து நானும் தினம் விடியலில் உட்காருகிறேன். எனக்கு ஒட்டத்தான் செய்கிறது. அப்படியானால் என் தியானம் வீணா?

தட்சிணேஸ்வரம் காளி கோயில் வளாகத்தில் நடந்த ஒரு மரணம் இதற்குப் பதில் சொல்கிறது. ராமகிருஷ்ணரின் அண்ணன் ராம்குமாரின் மகன் அட்சயன். பிறந்தபோதே தாயை இழந்த பிள்ளை. வளர்ந்து அந்தக் கோயிலிலேயே பூஜை செய்தவன். இளம்வயதில் அவன் இறந்தபோது ராமகிருஷ்ணர் அருகே நின்று பார்த்தார். உறையிலிருந்து வாளை உருவியதுபோல உயிர் பிரிவதைக் கண்டார். வாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பரவசத்தில் சிரித்தார், ஆடினார். மறுநாள் ஈரத்துண்டைப் பிழிவதுபோல நெஞ்சைப் பிழிந்ததாம். அவன் இறந்த கட்டடத்தில் அதன்பிறகு அவர் வசிக்கவே இல்லை.

இது ஞானத்துக்கு முந்தைய அழுகை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பே, 1865 வாக்கில், தோதாபுரி என்னும் துறவியிடம் அவர் அத்வைத சாதனை பழகியிருந்தார். காளியின் உருவத்தைத் தாண்டி மனம் போக மறுத்தபோது, தோதாபுரி ஒரு கண்ணாடித் துண்டால் அவருடைய புருவமத்தியில் அழுத்தி அங்கே மனத்தை நிறுத்தச் சொன்னார். உயிருக்குயிரான அம்மாவின் உருவத்தையே ஞானவாளால் பிளந்து சமாதியில் ஆழ்ந்தவர் அவர். அவர்தான் அண்ணன் மகனுக்காகத் தவித்தார்.

அதைவிட முக்கியம், அந்தத் தவிப்பைப் பிற்பாடு அவரே சீடர்களிடம் சொன்னது. 'பற்றற்றவர்' என்ற பெயரைக் காக்க நினைக்கிறவர் முதல்நாள் சிரிப்பை மட்டும் சொல்லியிருப்பார், மறுநாளை மறைத்திருப்பார். அவருக்குக் காக்க வேண்டிய பெயர் இல்லை. பற்றின்மை என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

'நான்' முழுவதும் போகாது, இருக்கட்டும், கடவுளின் பிள்ளையாக, அடிமையாக இருக்கட்டும் என்பார் அவர். அதைப் பழுத்த நான் என்றார். என் வீடு, என் படிப்பு என்பது பழுக்காத நான். "எனக்கு எதுவும் ஒட்டுவதில்லை" என்பதும் அந்தப் பழுக்காத நான்தான். வீடு இருந்த இடத்தில் இப்போது 'என் பற்றின்மை' உட்கார்ந்திருக்கிறது.

வீடு பற்றி நான் இருக்கும் இந்த சால்ட் லேக்கே பாடம் சொல்கிறது. 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து உப்பு ஏரிகளைத் தூர்த்து எழுப்பிய நகரம் இது. மனைகள் அரசு 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தவை. குத்தகைப் பத்திரத்தை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு நானும் கணவரும் 'நம்ம வீடு' என்றுதான் சொன்னோம்.

விடியலில் கண்ணை மூடினால் சில நாள் அவர் இருமல் காதில் விழுந்ததுபோல் இருக்கும். நெஞ்சு கனக்கும், கண் நிறையும். கவனித்தபடி இருந்தால் கொஞ்ச நேரத்தில் அது தானே அடங்கும். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொரு குரல் எழும்: 'இத்தனை தியானம் செய்தும் அழுகிறாயே!' முதலில் வந்தது அன்பு. இரண்டாவதுதான் 'நான்', துக்கத்தை நாள்முழுக்க நீட்டுவதும் அதுதான். நான் விடப் பழகுவது அந்த இரண்டாவது குரலை.

1896இல் மதுரையில் பதினாறு வயதில் மரணத்தையே நேர்கொண்டு பார்த்த ரமணரும், திருவண்ணாமலையில் பெரிய புராணக் கதைகளைப் படிக்கும்போது தொண்டை அடைத்து நிறுத்திவிடுவார். அவர் கண்ணீரை யாரும் ஞானக் குறைவு என்று சொன்னதில்லை.

ஆகவே தம்பியிடம் நான் சொல்வது இதுதான்: அழுகை வந்ததா என்று பார்க்காதே. வந்தால் யாரிடம் மறைக்கத் தோன்றுகிறது என்று பார். மறைக்கச் சொல்கிறவன் யாரோ, அவனைத் தேடித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.