குசேலரின் அவல் மூட்டை



ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த அக்கா ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார்.

“தம்பி, மகனுக்கு அந்தத் தனியார் பள்ளியில இடம் கிடைச்சிருக்கு. தேவாரம் எல்லாம் சொல்லித் தர்றாங்க. கட்டணத்துல பாதி கழிச்சுக்கிறாங்களாம். ஆனா அங்க பிள்ளைங்க எல்லாம் பெரிய கார்ல வந்து இறங்குதுங்க. இவனை அவங்க அப்பா மோட்டார்லதான் கொண்டு போய் விடணும். நாங்க அங்க ஒட்டுவோமா?”

“சாமி முன்னால எல்லாரும் சமம் அக்கா” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது சாமியைப் பற்றி இல்லையே. மனுசங்களைப் பற்றி.

நம் நூல்களில் பணக்கார நண்பனும் ஏழை நண்பனும் ஒன்றாகப் படித்த கதை இரண்டு உண்டு.

ஒன்று மகாபாரதத்தில். துரோணரும் துருபதனும் ஒரே ஆசிரமத்தில் வளர்ந்த தோழர்கள். துருபதன் அரசனானான். துரோணர் வீட்டில் பாலுக்கே வழியில்லை. பணக்காரப் பையன்கள், அவர் மகன் அசுவத்தாமனுக்கு மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். பால் குடித்துவிட்டேன் என்று அந்தக் குழந்தை ஆடியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மனம் நொந்த துரோணர் துருபதனைத் தேடிப் போனார். ஏழைக்கும் அரசனுக்கும் என்ன நட்பு என்று அவன் திருப்பி அனுப்பினான். அந்த அவமானம் பகையாக வளர்ந்து, கடைசியில் குருச்சேத்திரத்தில் இருவர் உயிரையும் வாங்கியது.

இன்னொன்று பாகவதத்தில். கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரின் குருகுலத்தில் படித்தவர்கள். பல வருடம் கழித்து, மனைவி அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய நான்கு பிடி அவலைக் கிழிந்த துணியில் முடிந்துகொண்டு குசேலர் துவாரகை போனார். அரண்மனையைப் பார்த்ததும் அதை எடுத்துக் கொடுக்கவே கூச்சம்.

கண்ணன் ஓடி வந்து கட்டிக்கொண்டான், கால் கழுவினான். பிறகு என்ன பேசினான் தெரியுமா? விறகு பொறுக்கப் போய், புயல் மழையில் காட்டில் மாட்டி, இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்த கதையை! அதற்குப் பிறகுதான், “எனக்கு என்ன கொண்டு வந்தே?” என்று கேட்டு அந்த மூட்டையைத் தானே பிடுங்கித் தின்றான்.

இரண்டு கதையிலும் ஏழை ஏழையாகத்தான் வந்தான். மாறியது உள்ளே இருந்தவன் நடந்துகொண்ட விதம்.

ஆகவே, தம்பி தங்கைகளே, அந்த அக்காவின் கேள்விக்குப் பதில் நம் கையில்தான் இருக்கிறது. சுற்றுலாவுக்கு யார் பணம் கட்டவில்லை என்று வாட்சாப் குழுவில் பட்டியல் போடுகிறோமா? பிறந்தநாள் விருந்துக்கு ஆள் பார்த்துத்தான் கூப்பிடுகிறோமா? பழைய காலணியைப் பார்த்துச் சிரிக்கிறோமா? அப்படியென்றால் எத்தனை தேவாரம் பாடினாலும் நாம் துருபதன் பக்கம்தான்.

அக்காவிடம் இப்படிச் சொன்னேன்: “சேருங்க அக்கா. சீருடை, பேருந்து, சுற்றுலாவுக்கு எவ்வளவு ஆகும்னு முதல்லயே அலுவலகத்துல கேட்டுடுங்க. அதுல வெட்கம் வேணாம். மோட்டார்ல போய் இறங்கறதுலயும் வெட்கம் வேணாம். அவலை மறைக்காதீங்க.”

நாளை உங்கள் வகுப்பிலோ நம் சமய வகுப்பிலோ ஒரு புதுப் பிள்ளை கதவோரம் தயங்கி நிற்கும். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதுவும் பூசைதான்.

இறையருள் துணை நிற்கட்டும்.