உன் காசு, உன் கணினி, உன் முடிவு!

டியூஷன் எடுத்துச் சேர்த்ததோ, சீட்டுப் பணம் விழுந்து அம்மா கொடுத்ததோ, பையில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் வியர்வை. அதைக் கொண்டுபோய்க் கடை கவுண்டரில் வைத்துவிட்டு, “அண்ணே, நல்லதா ஒரு செட் போட்டுக் குடுங்க” என்கிறாயே தம்பி, அந்த ஒரு வரியில் நீ எதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாய் தெரியுமா? முடிவெடுக்கும் உரிமையை! அவர் கடையில் எது விற்காமல் கிடக்கிறதோ, அது உன் வீட்டு மேசைக்கு வந்துசேரும். ஐந்து வருடம் அதோடு நீதான் மல்லுக்கட்ட வேண்டும்.

“எனக்கு என்னண்ணே தெரியும்?” என்று தலையைச் சொறியாதே. தெரியாமல் இருப்பதில் வெட்கமில்லை. தெரிந்துகொள்ள ஒரு வாரம்கூட ஒதுக்காமல் இருப்பதுதான் வெட்கம்! தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரூடிரைவர்?” என்று யாராவது கேட்டால் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதே. திருகைத் திருப்பு. ஆளைப் பார்த்தா பிராசஸர் ஓடுகிறது?

25 டாலரில் பிறந்த வரலாறு

1975, கலிபோர்னியா. சொந்தமாக ஒரு கணினி கட்டியே தீருவது என்று துடித்துக்கொண்டிருந்தார், பின்னாளில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக். அன்று பிராசஸர்களில் பெரிய பெயர் இன்டெல் 8080. பட்டியல் விலை 360 டாலர். அவருக்கு எட்டாத விலை. எட்டவில்லை என்று சோர்ந்து உட்கார்ந்தாரா? பள்ளி நாளிலேயே, சிப் வாங்கக் காசில்லாமல், அந்தக் கால மினி கம்ப்யூட்டர்களின் வடிவமைப்பைக் காகிதத்தில் போட்டுப் போட்டு, இன்னும் குறைந்த சிப்புகளில் எப்படி முடிக்கலாம் என்று பழகிய கை அது!

அதே ஆண்டு மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 6502 என்ற பிராசஸரை 25 டாலருக்குக் கொண்டுவந்தது. அதை எடுத்தார். அதற்கேற்ற போர்டைத் தானே வடிவமைத்தார். 1976-இல் ஆப்பிள் 1 பிறந்தது. அதுவும் வெறும் போர்டாகத்தான் விற்பனைக்கு வந்தது. பெட்டியும் கீபோர்டும் மின்சாரத்துக்கான ஏற்பாடும் வாங்கியவர் பாடு!

விலை உயர்ந்த சிப் கிடைக்காததால் அவர் தோற்கவில்லை. தன் பணம் எவ்வளவு, தன் வேலை எது என்று தெளிவாக இருந்ததால் ஜெயித்தார். அந்தத் தெளிவுக்குப் பெயர்தான் தன்னம்பிக்கை. கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று நூறு முறை சொல்வதால் அது வராது. கையில் விவரம் இருந்தால் தானாக வரும்!

முதல் கேள்வியை உன்னிடம் கேள்

எந்தப் பிராசஸர் நல்லது என்று ஊரைக் கேட்பதை நிறுத்து. என்ன வேலைக்கு என்று உன்னைக் கேள். கல்லூரி புரோகிராமிங், டேலி, ஆன்லைன் வகுப்பு, கொஞ்சம் போட்டோஷாப்: இவ்வளவுதானா? ஆறு கோர் உள்ள ஒரு பிராசஸர் தாராளமாகப் போதும். இன்டெல் கோர் ஐ5 12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி இரண்டும் அப்படிப்பட்டவை. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே கிராபிக்ஸ். மானிட்டர் கேபிளை போர்டிலேயே செருகிவிடலாம்.

இங்கேதான் ஒற்றை எழுத்தில் ஏமாந்து போகிறார்கள். 12400 என்பதற்குப் பின்னால் ஓர் ‘எஃப்’ இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி-யில் அந்த ‘ஜி’ இல்லாவிட்டாலும் அதே கதை. கொஞ்சம் காசு மிச்சம் என்று வாங்கி வருவாய்; கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் திரை இருண்டே கிடக்கும். கேம் விளையாடத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவனுக்கு அதே ‘எஃப்’ லாபம்! பொருள் ஒன்றுதான். ஒருவனுக்கு நஷ்டம், இன்னொருவனுக்கு லாபம். எது உனக்கு என்பதை உன் தேவை சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய ஐ9 சொல்ல வேண்டாம்!

நாலு பொருத்தம் பார்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் நாலே நாலு பார்த்தால் போதும்.

ஒன்று, பிராசஸர் உட்காரும் சாக்கெட். இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ரைசன் 5000 வரை ஏஎம்4. 2022-இல் வந்த ரைசன் 7000 முதல் ஏஎம்5. மாறினால் உட்காரவே உட்காராது. நாளைக்கும் சேர்த்து யோசி. 2017-இல் ஏஎம்4 போர்டு வாங்கிய பலர், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் பூட்டினார்கள். போர்டு வாங்கும்போது பின்னால் வரப்போகும் பிராசஸருக்கும் இடம் பிடிக்கிறாய், மறவாதே!

இரண்டு, ராம். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 தொடர்புப் புள்ளிகள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில். ஒன்றில் மற்றது நுழையாது. எல்ஜிஏ 1700 போர்டுகளில் இரண்டு வகையும் உண்டு. ஏஎம்5-இல் டிடிஆர்5 மட்டுமே. பெட்டியைத் திருப்பிப் படி. பழைய கணினியின் டிடிஆர்4 ராம் நல்ல நிலையில் இருக்கிறதா? அதுவும் உன் சொத்து, கணக்கில் சேர்.

மூன்று, மின்சாரம். சாக்கெட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டிகளாக வரிசை கட்டி நிற்கிறதே, அதுதான் வி.ஆர்.எம். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அனுப்பும் 12 வோல்ட்டை, பிராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சுமாருக்கு இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஐ7 12700-இன் விவரப் பட்டியலில் 65 வாட் என்று இருக்கும். முழு வேகம் எடுத்தால் 180 வாட் வரை இழுக்கும். அதைக் கொண்டுபோய், வி.ஆர்.எம். மேல் சூட்டைக் கடத்த ஒரு ஹீட்சிங்க்கூட இல்லாத மலிவான எச்610 போர்டில் பூட்டினால் என்ன ஆகும்? மொட்டை மாடிக்குக் கீழே, சித்திரை வெயில் இறங்கும் அறையில், வேலை சூடு பிடிக்கும்போது கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குக் கொடுத்த காசு ஆவியாகும்! அந்தப் பணத்தில் ஓர் ஐ5-உம் ஹீட்சிங்க் உள்ள பி760 போர்டும் வாங்கியவன் நிம்மதியாக வேலை பார்ப்பான்.

நான்கு, பயாஸ். 2022 தொடக்கத்தில் வந்த போர்டு, 2023-இல் வந்த 14-ஆம் தலைமுறையை அப்டேட் இல்லாமல் அடையாளம் காணாது. “இந்த போர்டுல பயாஸ் அப்டேட் ஆகியிருக்கா?” என்று கேள். பிராசஸரே இல்லாமல் பென்டிரைவ் வழியே பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. அது இருந்தால் கடைக்காரர் தயவும் தேவையில்லை.

இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கு. கடை கடையாக ஏறு. “இந்த காம்போ எடுத்துக்கோ தம்பி, சூப்பரா இருக்கும்” என்பார்கள். சிரித்துக்கொண்டே, “இதுல வி.ஆர்.எம். ஹீட்சிங்க் இருக்காண்ணே?” என்று கேட்டுப் பார். பேச்சின் தோரணையே மாறும்! பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கு. வாரண்டி எத்தனை வருடம், யார் தருவது என்று அங்கேயே கேள். உன் பணத்துக்குக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கை நடுங்கட்டும், நிற்காதே!

எல்ஜிஏ சாக்கெட்டைத் திறந்து பார்த்தால், மிக மெல்லிய, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்கள் மினுங்கும். ஒன்று வளைந்தாலும் வாரண்டிக்குச் சிக்கல். பயம் வரும், வரட்டும்! பிராசஸரை ஓரங்களில் பிடி. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு ஒட்டிப் பார். அப்படியே இறக்கி வை. அழுத்தாதே, தேய்க்காதே. மூடியைக் கவிழ்த்து நெம்புகோலை இறக்கும்போது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த அழுத்தம் அதற்கு வேண்டியதுதான். கறுப்புப் பிளாஸ்டிக் உறை தெறித்து வெளியே வரும். தூக்கி எறிந்துவிடாதே, வாரண்டிக்கு அனுப்பும்போது அதுதான் பின்களைக் காக்கும்.

ஸ்விட்சைப் போட்டாயா? டிஸ்பிளே வரவில்லையா? அழாதே, தேடு! போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கான மின் கேபிளைச் செருகினாயா? இரண்டு ராம் என்றால், நாலு ஸ்லாட் போர்டில் சாக்கெட்டிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டாயா? ‘சிபியு’, ‘டிரேம்’ என்று எழுதிய குட்டி விளக்குகளில் எது எரிகிறது? ஏஎம்5 போர்டு முதல் முறை டிடிஆர்5 ராமைச் சோதித்துப் பார்க்கச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், பொறு. பதற்றத்தில் பவரைப் பிடுங்குகிறவன் தோற்பான். ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறவன் ஜெயிப்பான்!

தானே தேர்ந்தெடுத்தவனுக்குக் கணினி மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது என்று தெரியும். ராம் கூட்ட வேண்டுமா, எந்த ஸ்லாட் என்று தெரியும். கடைக்காரர் முடிவெடுத்த கணினிக்கு, கடைக்காரர் போனை எடுத்தால்தான் உயிர். இரண்டில் எது வேண்டும் உனக்கு?

இன்று இரவே தாளை எடு. வேலை, பட்ஜெட், பிராசஸர், போர்டு: நாலு வரி எழுது. அடித்துத் திருத்து. மறுபடி எழுது. முதல் பட்டியல் தப்பாக இருக்கலாம். மூன்றாவது உன் கையெழுத்தோடு நிமிர்ந்து நிற்கும். நாளைக்கு உன் தெருவில் ஒருத்தன் “எந்த போர்டு வாங்கலாம்?” என்று வந்து நின்றால், பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதே. “என்ன வேலைக்கு?” என்று கேட்டு, பேனாவை அவன் கையில் கொடு!