இடைகழி இருளும் ஆண்டாள் கனவும்

ஒளியைப் போற்றுவதும் இருளுக்கு அஞ்சுவதும் மாந்தர் இயல்பு. கனவையோ, விழித்த மாத்திரத்தில் பொய்யென்று தள்ளிவிடுவது உலக வழக்கு. ஆயினும், தமிழ் வேதமாகிய திவ்வியப் பிரபந்தத்தின் பாசுரங்கள் சில தோன்றிய சூழலை ஆராயப் புகின், இருளும் கனவுமே முன்வந்து நிற்கின்றன. இருளில் பிறந்தது ஒளி தருமோ? கனவில் கண்டது மெய்யாகுமோ?

திருக்கோவலூர் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. மழை பொழியும் நள்ளிரவு, சிறியதோர் இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று, பொய்கையாழ்வார் பூதத்தாழ்வாருக்கும், இருவரும் பேயாழ்வாருக்கும் இடம் தந்தனர். நான்காமவராக எம்பெருமான் வந்து நெருக்கினான். நெருக்குபவர் யாரென அறியப் பொய்கையார் உலகையே விளக்காக்கினார்; பூதத்தார் அன்பை விளக்காக்கினார்; பேயார் கண்ட காட்சியைப் பாடினார். நூறு நூறாக மூன்று திருவந்தாதிகள் பிறந்தன. இங்கு நுட்பமாக நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதலில் வந்தவர் கதவைத் தாளிட்டிருந்தால் சுகமாக உறங்கியிருப்பார். அவ்விரவில் அந்தாதி பிறந்திராது. ஆகவே பாசுரத்தைத் தந்தது இருள் மட்டுமன்று. இருளில் பிறருக்கு இடம் தந்த உள்ளமே.

இனி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கனவு. 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் ஆறாம் திருமொழி முழுவதும், தான் கண்ட திருமணக் கனவைத் தோழிக்கு உரைப்பதாகும். விழித்தபோது பந்தலும் இல்லை, பற்றிய கையும் இல்லை. அவ்வேக்கத்தை அவள் தனக்குள் புதைக்கவில்லை; தோழியை அழைத்துச் சொன்னாள். அதனாலன்றோ இன்றும் வைணவத் திருமணங்களில் அத்திருமொழி ஓதப்பெறுகிறது!

கனவு வெறும் பொய் என்பாருக்கு ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுசர் விடை பகர்ந்துள்ளார். கனவில் காணும் பொருள்கள், அவரவர் வினைக்கேற்ப, கண்டவர் ஒருவரே அவ்வளவு காலமே அனுபவிக்குமாறு இறைவன் படைத்தவை என்பது அவர் கொள்கை. அங்ஙனமாயின் கவியின் தொழில் யாது? ஒருவருக்கென அளிக்கப்பட்டதைப் பலருக்கும் உரியதாக்குவதே.

எனினும், துன்பம் வந்தாலன்றிக் கவிதை வாராது என்று துன்பத்தைத் தேடுவது பேதைமை. இதற்குப் போடிமெட்டுச் சரிவுகளின் ஏலத்தோட்டங்களே சான்று. ஏலச்செடி கடும் வெயிலில் கருகும். பெருமரங்களின் நிழலிலேயே தழைக்கும். அதன் பூச்சரமும் இலை உச்சியில் தோன்றாது, அடியிலுள்ள தண்டின் மூட்டிலிருந்து புறப்படும். ஆனால் நிழல் மிகுந்தாலும் காய்ப்புக் குன்றும். எனவே மழைக்காலத்திற்கு முன் மரக்கிளைகளைக் கழித்து, அளவாக ஒளி புகச் செய்வர் தோட்டத்தார். மனத்தின் இருளும் அத்தகையதே. அதை முற்றும் அடைத்து வைத்தால் சோர்வே மிஞ்சும்; ஒரு கிளையைக் கழித்து வழிவிட்டால் அங்கே மணம் பிறக்கும்.

உறக்கம் வாராத இரவுகள் எவருக்கும் உண்டு. எல்லாரும் ஆழ்வார்கள் ஆவதில்லை. ஆயினும், தன் துயரை நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுதலும், பிறர் துயர் சொல்லும்போது நகர்ந்து இடம் தருதலும் எல்லார்க்கும் இயலும். இடைகழி சிறிதே; இடம் தரும் உள்ளம் இருப்பின் அங்கே எம்பெருமானும் வந்து நிற்பான்.