மறுத்தவரோடு வழக்காடிய இறைவன்

உளுந்தூர்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூரில் பிறந்த சுந்தரரைத் 'தம்பிரான் தோழர்' என்று சைவர்கள் கொண்டாடுகிறார்கள். அந்தத் தோழமை ஒரு மறுப்பில்தான் தொடங்கியது.

புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் முதியவராக நுழைந்த இறைவன், "இவன் எனக்கு அடிமை, பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். மணமகன் அவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் ஆதாரம் கேட்டது மறுத்தவரிடம் அல்ல, உரிமை கோரியவரிடம். கிழிந்தது படியோலைதான்; மூல ஓலையைப் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முதியவர் பக்கம் தீர்ப்பு. பின்னர் இறைவன், ஏசிய அதே சொல்லை முதலாக வைத்துப் பாடச் சொன்னார் என்கிறது பெரியபுராணம்.

வந்தவரின் உரிமை மெய்யானது. ஆனாலும் மறுப்பை அவர் குற்றமாக்கவில்லை. உரிமையைக் கைவிடவும் இல்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று பிள்ளை அழும் வீடுகளுக்கு இந்த இரண்டுமே வேண்டும்.

அங்கே மறுப்பு பெரும்பாலும் சொல்லாக வருவதில்லை. சீருடை மாட்டும்போது வயிற்றுவலி, வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி. வேன் போனபின் எல்லாம் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வலியே இருக்காது. "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பதற்றம் உடம்பில் உண்டாக்கும் வலி நிஜமானது. வீட்டுக்குத் தெரியாமல் வகுப்பை கட் அடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. கூடப் படிப்பவர்களின் கேலி, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத அவமானம், தேர்வு பயம், அம்மாவைப் பிரியும் அச்சம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளியில் சேரும் சிறு பிள்ளைக்கு வீட்டையே விட்டுத் தங்கும் ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது.

அடித்து இழுத்துப் போவது அச்சத்தைக் கூட்டும். பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அதற்காக, போகவே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் சரியல்ல. விடுப்பு நீள நீளத் திரும்பிப் போவது கடினமாகிறது. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு ஆசிரியரோடு பேசிவைத்து, முதலில் பள்ளி வாசல்வரை, அடுத்து ஒரு பீரியட், அப்புறம் அரைநாள் என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

பெற்றோரே, பிள்ளையைத் திட்டும் முன் காரணத்தைக் கேளுங்கள். வழி தெரியாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.